பழைய கார்புரேட்டர் இன்ஜினில் டர்போ: மிச்சம் பிடித்த இடங்களும் பிடிக்காத இடங்களும்

பழைய வண்டியில் டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சாதனம்) ஏற்றலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் டர்போவைத்தான் தேடுவார்கள். ஆனால் இந்த வேலையில் சுலபமாகக் கிடைப்பதும் மலிவாக முடிவதும் டர்போதான். உடைப்புக்கு வந்த வண்டிகளில் நல்ல நிலையில் உள்ள ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். இன்ஜின் பிழைப்பது வேறு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: டர்போவுக்கு ஆயில் போய்த் திரும்பும் வழி, காற்றழுத்தம் ஏறும்போது கிடைக்கிற பெட்ரோல், நடப்பதைக் காட்டுகிற மீட்டர்கள். குழாய், இன்டர்கூலர் (அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விப்பது), மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோவது) எல்லாவற்றிலும் கையை இறுக்கிப் பிடித்தேன். இந்த மூன்றில் மட்டும் பிடிக்கவில்லை.

வண்டி 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ஒற்றை கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலப்பது), டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை நேரம் பார்த்து ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புவது), கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 8.8. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டர்போ வைக்க இந்த 8.8 தோதான எண். 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரஷனோடு டர்போவையும் வைத்தது. நாக்கிங்கை (கலவை தானாகவே வெடித்து பிஸ்டனை அடிப்பதை) அடக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாகப் பீய்ச்ச வேண்டியிருந்தது. அந்த வம்பு எனக்கு வேண்டாம். இன்டர்கூலர் ஒன்று, வெளிக்காற்றைவிட 0.4 பார் கூடுதல் அழுத்தம் (ஒரு பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்), கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல். இதுதான் ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்ட எல்லை.

முதலில் இன்ஜினைச் சோதித்தேன். சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன் பார்த்ததில் 11.8, 11.6, 11.9, 11.5 பார். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்திருந்தால் டர்போவுக்கு ஒதுக்கிய காசை ரிங்குக்கும் வால்வுக்கும் செலவழித்துவிட்டு அதோடு நிறுத்தியிருப்பேன். தேய்ந்த இன்ஜினில் அழுத்தம் கூடினால் பிஸ்டன் ஓரமாகக் கீழே தப்பும் புகையும் கூடும். அந்தப் புகை பின்னால் டர்போவின் ஆயில் வடிகாலையே அடைக்கும். அந்த விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன். சூட்டில் ஆயில் பிரஷர் ஐடிலில் 1.5 பார், 3000 சுற்றில் 3.8 பார். போதும்.

எவ்வளவு காற்று?

காற்றுக் கணக்கைப் போடாமல் டர்போ வாங்குவது காசைக் கரியாக்குவது. 1.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக்கொள்ளளவை இழுக்கிறது. 5500 சுற்றில், சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3,740 லிட்டர், எடையில் 4.3 கிலோ காற்று. அழுத்தம் 0.4 பார் ஏறினால் காற்று 1.4 மடங்காகிவிடாது. அழுத்தும்போது சூடாகிறதே. 30 டிகிரியில் நுழையும் காற்று, 65 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) 77 டிகிரி வாக்கில் வெளியே வரும். இன்டர்கூலர் அதை 46-க்கு இறக்கினால் அடர்த்தி 1.33 மடங்கு. ஆக நிமிடத்துக்கு 5.7 கிலோ. 1.5 முதல் 2 லிட்டர் வரையான பெட்ரோல் டர்போ வண்டிகளில் வந்த சின்ன டர்போக்களுக்கு இது வசதியான வேலை.

டர்போ என்ற பெயரில் விற்கும் 12 வோல்ட் மின்விசிறிகள் ஏன் வேலைக்கு ஆகாது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். விநாடிக்கு 95 கிராம் காற்றை இந்த அளவுக்கு அழுத்தச் சுமார் 4.5 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 375 ஆம்பியர். பிளாஸ்டிக் விசிறியும் மெல்லிய வயரும் அந்தப் பக்கமே போக முடியாது. டர்போ அந்தச் சக்தியை சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூட்டிலிருந்தும் வேகத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் செய்வது என்றால் டர்போவைச் சுற்றியுள்ளவற்றைச் செய்வது. டர்போவையே செய்ய முயலக் கூடாது. உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுகிறது. அதன் பேலன்ஸ் மில்லிகிராம் கணக்கு. லேத் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வீட்டு வேலை இல்லை.

நான் எடுத்தது கேரட் டி25. நிஸ்ஸானின் 1.8, 2 லிட்டர் டர்போ இன்ஜின்களில் வந்த வகை. மிட்சுபிஷியின் டிடி04 கிடைத்திருந்தாலும் எடுத்திருப்பேன். டீசல் வண்டி டர்போ இன்னும் மலிவு, ஆனால் பெட்ரோல் இன்ஜின் புகை டீசலைவிட நூறு டிகிரிக்கு மேல் சூடாக வரும். அந்தச் சூட்டுக்கென்று டீசல் டர்போவின் டர்பைன் (புகையால் சுற்றும் பக்கம்) உறையை வார்த்திருக்க மாட்டார்கள். அதனால் தவிர்த்தேன்.

பழைய டர்போவை வாங்கும்போது ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இருக்கிறது, போய்விட்டது" என்று ஒதுக்குவார்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் படலம் நிரப்பிக்கொள்ளும். சக்கரத்தை ஒரு பக்கமாக அழுத்திச் சுற்றினாலும் உறையில் உரசக் கூடாது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது முன்பின் ஆட்டம். டயல் கேஜ் வைத்துப் பார்த்து 0.1 மி.மீ.க்கு மேல் போனால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது 0.06 காட்டியது. கம்ப்ரஸர் இறகுகளின் நுனியை நகத்தால் வருடிப் பார்த்தேன், எங்கும் சிராய்ப்பு இல்லை. ஆயில் நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் கருகிய படிவும் இல்லை.

மேனிஃபோல்டு

பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே வெட்டி ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் தகட்டு விளிம்பு) ஒட்டலாம் என்று சொல்வார்கள். வார்ப்பிரும்பை நன்றாகச் சூடேற்றி, நிக்கல் ராடில் ஒட்டி, மெல்ல ஆறவிட்டால் நிற்கும்தான். ஆனால் டர்போவின் எடையும் சூடும் சேர்ந்த இடத்தில் அந்த ஒட்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நீராவிக் குழாய்களுக்குப் போடும் கனமான வெல்டிங் எல்போக்களை எடுத்தேன். ஒன்றேகால் அங்குல ஷெட்யூல் 40: வெளிவிட்டம் 42 மி.மீ., சுவர் மூன்றரை மி.மீ. பார்க்க அழகில்லை, உள்ளே காற்று போகும் வழியும் பந்தய மேனிஃபோல்டு போல இல்லை. ஆனால் டர்போவைத் தோளில் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் நிற்கும்.

ஹெட் பக்கம் 12 மி.மீ. தகட்டில் ஃபிளாஞ்ச். கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து, துளைகளை வெட்டி, ஃபிளாஞ்சை ஒரு கனமான இரும்புக் கட்டையில் எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கியபிறகுதான் வெல்டிங். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒட்டாமல் முதல் போர்ட்டில் கொஞ்சம், நான்காவதில் கொஞ்சம், பிறகு நடுவில் என்று சூட்டைப் பரப்பினேன். முழுக்க ஆறிய பிறகுதான் கட்டையிலிருந்து கழற்றினேன். அப்படியும் ஃபில்லர் கேஜில் நடுவே 0.6 மி.மீ. வளைவு இருந்தது. சர்ஃபேஸ் கிரைண்டரில் கொடுத்து மட்டம் செய்துகொண்டேன். இந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தால் அப்புறம் கேஸ்கெட் மாற்றியே காலம் போகும்.

இரும்பு சூட்டில் நீளும். 400 மி.மீ. நீளமுள்ள மேனிஃபோல்டு 700 டிகிரி ஏறும்போது மூன்று மி.மீ.க்கு மேல் வளரப் பார்க்கும். ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து அதே அளவில் நிற்கிறது. இந்த இழுபறியில்தான் ஸ்டட் உடைவதும் வெல்டிங் பிளப்பதும். அதனால் இரண்டாவது போர்ட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஃபிளாஞ்சை வாளால் அறுத்து இரண்டாக விட்டேன். ஓரத் துளைகளை நீளவாக்கில் அகலமாக்கினேன். துருப்பிடிக்காத எஃகு வளரும் அளவு இன்னும் ஒன்றரை மடங்கு. அதில் செய்தால்தான் தரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டர்போவின் எடையைத் தாங்க இன்ஜின் பிளாக்கிலிருந்து ஒரு முட்டு கொடுத்தேன். அதன் துளையும் நீளவாக்கில்தான், டர்போ நகர இடம் வேண்டுமே. டர்போவிலிருந்து புகையை வெளியே எடுக்கும் டவுன்பைப்பில் ஒரு நெளிவுக் குழாய்.

ஆயில்

ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ போட்டு, உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுப் பின்னல் உள்ள லைனை டர்போவுக்கு எடுத்தேன். இதில் சாதாரண ரப்பர் ஹோஸ் கூடவே கூடாது. எரியும் டர்பைனுக்குப் பக்கத்தில் அழுத்தத்தோடு ஆயில் பீய்ச்சினால் அது தீ விபத்து.

உள்ளே போகிற லைனில் காட்டும் அக்கறையை வெளியே வருகிற லைனில் பலர் காட்டுவதில்லை. ஆயில் பம்ப் அழுத்தத்தோடு உள்ளே போகிறது. சுற்றும் ஷாஃப்ட்டில் அடிபட்டு நுரையாக மாறி, வெறும் எடையால் கீழே இறங்குகிறது. டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன வளையம்தான். வடிகால் கொஞ்சம் தேங்கினாலும் ஆயில் அந்த வளையத்தைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போகும். நீலப் புகை வரும். டர்போ செத்துவிட்டது என்று இன்னொன்று வாங்கிப் போடுவார்கள், அதுவும் புகைக்கும்.

அதனால் என் வடிகால் 19 மி.மீ. உள்விட்டம், வழியில் எங்கும் மட்டமாகவோ மேலேறியோ போகாமல் இறக்கம் மட்டும். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயில் மட்டத்துக்கு மேலே துளைத்து, ஹோஸ் மாட்ட இரும்பு வாய் ஒன்றை ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்பீஸ் தூள் பூசி ராத்திரி முழுக்க வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் மண்ணெண்ணெய் ஊறி சாக்பீஸில் கறை விழும். காலையில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

முன்னே சொன்ன புகை விஷயம் இங்கே வருகிறது. கிராங்கேஸில் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள இன்ஜின் அறை) அழுத்தம் சேர்ந்தால் வடிகால் வழியே அது மேலே தள்ளும், ஆயில் இறங்காது. கிராங்கேஸ் புகையை இன்டேக்குக்கு இழுக்கும் பழைய பிசிவி லைனில், அழுத்தம் உள்ளே திரும்பாமலிருக்க ஒருவழி வால்வு போட்டேன். வால்வு கவரிலிருந்து பெரிய ஹோஸ் ஒன்றை, ஆயிலைப் பிரித்து நிறுத்தும் டப்பா வழியாக, டர்போவுக்கு முன்னாலுள்ள காற்றுக்குழாயில் சேர்த்தேன்.

பெட்ரோல்

கார்புரேட்டரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. டர்போவுக்கு முன்னால் வைத்தால் டர்போ பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும். 1962-ல் வந்த டர்போ கோர்வேர் இந்த வழிதான். கார்புரேட்டரைத் தொட வேண்டாம் என்பதால் சுலபம். ஆனால் இன்டர்கூலர் வைக்க முடியாது; பெட்ரோல் அதற்குள் படிந்துவிடும். ஒரு பேக்ஃபயர் (தீ இன்டேக் பக்கம் திரும்புவது) ஆனால் குழாய் முழுக்க எரியக்கூடிய கலவை. போதாததற்கு, த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) மூடும்போது கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடமாகி ஆயிலை இழுக்கும். அதைத் தடுக்கத் தனி கார்பன் சீல் உள்ள டர்போ வேண்டும். எனவே டர்போவுக்குப் பின்னால், ஊதிய காற்று கார்புரேட்டர் வழியாகப் போகும் முறை. ரெனோ 5 ஜிடி டர்போவும் மசராட்டி பைடர்போவும் தொழிற்சாலையிலேயே இப்படித்தான் வந்தன.

இந்த முறையில் கார்புரேட்டர் முழுக்க அழுத்தத்துக்குள் வாழ வேண்டும். மேலே தகட்டில் ஒரு தொப்பி செய்து, ஓரத்தில் கேஸ்கெட் வைத்து மூடினேன். பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று பெட்ரோலை ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) வழியாகத் திருப்பித் தள்ளிவிடும். வெளியே திறக்கும் வென்ட்டை அடைத்து, உள்ளே திறப்பதை மட்டும் விட்டேன். உள்ளே காலியான பித்தளை மிதவை அழுத்தத்தில் நசுங்கக்கூடும் என்பதால் திடமான மிதவைக்கு மாறினேன். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அந்த வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று வெளியே கசியும், கீழே சிவந்து நிற்கும் மேனிஃபோல்டு. லேத்தில் கொடுத்து வெண்கல புஷ்ஷும் ஓ-ரிங்கும் போட்டு வாங்கிய பிறகுதான் நிம்மதி.

பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்ப். காற்று நிமிடத்துக்கு 5.7 கிலோ, பெட்ரோல் அதில் 12-ல் ஒரு பங்கு என்றால் மணிக்கு 38 லிட்டர் சொச்சம். 80 லிட்டருக்கு மேல் தள்ளும் பம்ப் எடுத்தேன். கூடவே காற்றழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டர் ஒன்று. அழுத்தத்தை உணரும் அதன் சின்னக் குழாய் கார்புரேட்டர் தொப்பியோடு இணைந்திருக்கும். ஐடிலில் 0.25 பார், டர்போ 0.4 ஊதும்போது தானாக 0.65. இல்லையென்றால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் நுழையவே முடியாது. பம்ப் ரிலேயை ஆயில் பிரஷரோடு கோத்துவிட்டேன். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்.

இனி இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கார்புரேட்டர் தானாகவே ஈடுகட்டிவிடும், காற்று கூடினால் பெட்ரோலும் கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. ஒரே வேகத்தில் போகும் காற்றின் அடர்த்தி கூடினால் காற்றின் எடை அதே விகிதத்தில் கூடும். வென்ச்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்து) உண்டாகும் இழுப்பும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் இழுப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அடர்த்தி 1.33 மடங்கானால் பெட்ரோல் 1.15 மடங்குதான் வரும். முழு த்ராட்டிலில் 12.8 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று) என்று சரியாக இருந்த கலவை, அழுத்தத்தில் 14.8 ஆக மெலியும். அழுத்தத்தில் வேண்டியதோ 11.8. ஆக, அந்த நேரத்தில் மட்டும் பெட்ரோல் 25 சதவீதம் கூட வேண்டும்.

மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி இந்த 25-ஐயும் கொடுத்தால் சாதாரண ஓட்டத்தில் கரும்புகை. பவர் வால்வுதான் இதற்கு வழி. வெற்றிடம் இருக்கும்வரை அது மூடியிருக்கும், த்ராட்டில் திறந்து வெற்றிடம் போனதும் திறந்து கூடுதல் பெட்ரோல் தரும். அழுத்தத்திலும் திறந்தே நிற்கும். என் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 1.25 மி.மீ., பவர் வால்வுத் துளை 0.50. மெயின் ஜெட்டை 1.30 ஆக்கினேன், அது 8 சதவீதம்தான். மிச்சம் முழுவதும் பவர் வால்வுத் துளைக்கு. பரப்பளவைக் கணக்கிட்டதில் 0.76 வந்தது, 0.75 டிரில்லைக் கையாலேயே திருகி, பித்தளைச் சீவலை ஊதி எடுத்து, பிசிறு இல்லாமல் லென்ஸில் பார்த்துப் பொருத்தினேன். இவ்வளவு சின்னத் துளைக்கு மெஷினில் வைத்தால் டிரில் நழுவும்.

பற்றவைப்பு, பிரேக்

பிளக் ஒரு படி குளிர் வகை (சூட்டை வேகமாகக் கடத்துவது), இடைவெளி 0.8 மி.மீ.யிலிருந்து 0.6. அழுத்தம் கூடிய கலவையில் பொறி தாவச் சிரமப்படும்.

டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை டிகிரியில் பொறி விழுகிறது என்பது; அப்படி முந்துவதே அட்வான்ஸ்) முன்பு முழு அட்வான்ஸில் 32 டிகிரி. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் ஒரு டிகிரி குறைப்பது ஆரம்பத்துக்கு நல்ல கணக்கு. 0.4 பார் என்பது ஆறு பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டிகிரி கூடவே வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகள் விரியும் துளையில் சின்ன வெல்டிங் பொட்டு வைத்து 25 டிகிரியில் நிறுத்தினேன். ஐடிலில் பழைய 10 டிகிரியே. சாதாரண ஓட்டத்தில் குறைகிற அட்வான்ஸை, இன்டேக் வெற்றிடத்தால் இயங்கும் வேக்குவம் கேப்ஸ்யூல் ஈடுகட்டும்.

அந்த கேப்ஸ்யூல் லைனில் அழுத்தம் நுழையாமலிருக்க ஒருவழி வால்வு போடும்படி சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அழுத்தம் நுழையாதுதான், ஆனால் முன்பு இழுத்த வெற்றிடம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். டர்போ முழு வேகத்தில் ஊதும்போதும் அட்வான்ஸ் இறங்காமல் நிற்கும், பிஸ்டன் உடையும். கேப்ஸ்யூலின் டயாஃப்ரம் 0.7 பாரைத் தாங்குகிறதா என்று கைப்பம்பில் சோதித்துவிட்டு லைனை அப்படியே விட்டேன். பிரேக் பூஸ்டர் லைன் நேர்மாறு. அங்கே ஒருவழி வால்வு கட்டாயம், அது அழுத்தத்தையும் தாங்க வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். பிரேக்கில் மிச்சம் பார்க்கிறவன் டர்போ பக்கம் வரக் கூடாது.

இன்டர்கூலர், குழாய்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடைப்பு வண்டியில் எடுத்த இன்டர்கூலரைப் பெட்ரோலில் அலசி, இரு முனையையும் அடைத்து, 0.7 பார் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். 50 மி.மீ. குழாய், சிலிக்கான் ஹோஸ். ஹோஸ் நழுவாமலிருக்கக் குழாய் முனையைச் சுற்றி வெல்டிங்கில் சின்ன மேடு. த்ராட்டில் திடீரென மூடும்போது காற்று திரும்பி அடிக்காமலிருக்க ஒரு பைபாஸ் வால்வு, குழாயில் 0.55 பாரில் திறக்கும் ஸ்பிரிங் வால்வு ஒன்று.

மீட்டர்களில், புகையை அளந்து கலவையைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சருக்குத்தான் முதல் இடம். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இன்டர்கூலரை விட்டுவிட்டு இதை வாங்குங்கள், அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். டர்போவுக்குப் பின்னால் டவுன்பைப்பில், தண்ணீர் தேங்காதபடி சாய்த்துப் பொருத்த வேண்டும். டர்போவுக்கு முன்னால் புகைச்சூட்டை அளக்க ஒரு கே வகைத் தெர்மோகப்பிள், டாஷ்போர்டில் பூஸ்ட் கேஜ். மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி மீட்டருக்கும் பெட்ரோல், ஆயில் லைன்களுக்கும்தான் போனது. டர்போவுக்கும் இரும்புக்கும் போனது அதைவிட ரொம்பக் குறைவு.

ஓட்டம்

காயில் வயரைக் கழற்றிவிட்டு, வடிகால் ஹோஸின் கீழ் முனையை ஒரு டப்பாவில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஹோஸ் வாயில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, நூலாக இறங்கி, விரல் தடிமனில் இடைவிடாமல் விழுந்தது. இதைக் கண்ணால் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது; ஆயில் இல்லாத சில விநாடிகளே பேரிங்கை முடித்துவிடும். ஹோஸைச் சம்ப்பில் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஐடிலில் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி இறுக்கியதில் ஒவ்வொன்றும் கால் சுற்று போனது.

முதல் ஓட்டங்களில் வேஸ்ட்கேட்டை (புகையில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விட்டு, அழுத்தத்தை வரம்பில் நிறுத்தும் வால்வு) கம்பியால் திறந்தே கட்டியிருந்தேன். அப்படியும் 0.15 பார் வந்தது, கலவை 12.4. கம்பியை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கின் 0.4-க்கு விட்டபோது 3500 சுற்றில் 12.1; 5000-ஐ நெருங்கும்போது 12.6 என்று மெலிந்தது. கீழே சரியாக இருந்து மேலே மட்டும் மெலிந்தால், பெட்ரோலில் காற்றைக் கலந்துவிடும் ஏர் கரெக்டர் ஜெட்டைப் பார்க்க வேண்டும். அது 1.80-லிருந்து 1.65 ஆனதும் மேலேயும் கீழேயும் 11.7 முதல் 11.9-க்குள் நின்றது. நாக்கிங் கேட்க, முனை தட்டிய செம்புக் குழாயைப் பிளாக்கில் போல்ட் போட்டு, ரப்பர் ஹோஸ் வழியாகக் காதுமூடிக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர், ஓட்ட ஒருவர். சரளைக்கல் சிதறுகிற சத்தம் துளி வந்தாலும் காலை எடுப்பது என்று பேச்சு. வரவில்லை.

முழு அழுத்தத்தில் இழுத்துவிட்டு உடனே கிளட்ச் மிதித்து, இன்ஜினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் நடந்தது அப்படியே அதில் எழுதியிருக்கும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல் புள்ளிகளோ அலுமினியப் பளபளப்போ இருந்தால் நாக்கிங் நடந்திருக்கிறது. நான்கு பீங்கானும் சுத்தம். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தது. இன்டேக் மேனிஃபோல்டு அந்தச் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கிறது. வைட்பேண்ட் நான்கின் சராசரியைத்தான் காட்டும். நான் 12-க்கு மேல் விடாமல் 11.8 பக்கம் நிற்பது அந்த மூன்றாவது சிலிண்டருக்காகத்தான்.

டர்போ 2600 சுற்றில் விழிக்கிறது, 3200-ல் முழு அழுத்தம். இன்டர்கூலருக்கு முன் 80 டிகிரி, பின்னால் 46. கணக்கோடு பொருந்தி வந்தபோது அத்தனை சந்தோஷம். ஏற்றத்தில் நீண்ட நேரம் இழுத்தால் புகைச்சூடு 840 வரை போகிறது. 900-ஐ என் கோடாக வைத்திருக்கிறேன். நான்காவது கியரில் 60-லிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு முன்பு 13.5 விநாடி, இப்போது 9.3. குதிரைத்திறன் இத்தனை என்று சொல்லிக்கொள்வதைவிட இந்த எண்ணை நம்புகிறேன். கிளட்ச் இன்னும் தாங்குகிறது.

அழுத்தத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. பிஸ்டன் சாதாரண வார்ப்பு, ஹெட் கேஸ்கெட் பழைய வகை, கார்புரேட்டரின் கணக்கும் 0.4-க்குப் போட்டது, அங்கேயே நிற்கட்டும். எங்கே செய்தாலும் இன்ஜின் மாற்றத்தைப் பதிவிலும் காப்பீட்டிலும் சொல்ல வேண்டுமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கியிருக்கிறேன். வேகமாக ஓட்டி வந்தால் அணைக்குமுன் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன், இல்லாவிட்டால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வேஸ்ட்கேட் ஹோஸையும் அதன் இரண்டு கிளிப்பையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். அது கழன்றால் அழுத்தத்துக்கு உச்சவரம்பே இல்லை. மேனிஃபோல்டு வெல்டிங்குகளில் புகைக்கறை தென்படுகிறதா என்றும் பார்க்கிறேன். அடுத்ததாக டவுன்பைப்புக்கும் பிரேக் லைனுக்கும் நடுவே இரட்டைத் தகட்டில் ஒரு வெப்பத்தடுப்பு செய்ய வேண்டும். இப்போதிருக்கும் ஒற்றைத் தகடு, நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு கைவைக்க முடியாத அளவு சுடுகிறது.